கிர்கேயைத் திரித்தது யார்?

மேடலின் மில்லர் 2018ல் வெளியிட்ட ஃபேன்டஸி நாவலின் பெயரை ஆங்கிலத்தில் 'சர்ஸி' என்பார்கள். கிரேக்கத்தில் அந்தப் பெயர் கிர்கே. நாவலையும் நாயகியையும் நான் இங்கே கிர்கே என்றே எழுதப்போகிறேன். முடிவு உள்பட முழுக் கதையையும் பேசப்போகிறேன், அதனால் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

இந்த நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சி, "இத்தனை காலம் ஆம்பளைங்க சொன்ன கதையை ஒரு பொண்ணு திருப்பிச் சொல்லிட்டா" என்று கொண்டாடும். இன்னொரு கட்சி, "ஹோமர் எழுதின சூனியக்காரியை நல்லவளா மாத்திட்டாங்க, இந்தக் காலத்துப் பெண்ணியத்தைப் பழைய கதைக்குள்ள திணிச்சுட்டாங்க" என்று கோபப்படும்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், இரண்டு கட்சிக்கும் ஒரு நம்பிக்கை பொது. 'ஒரிஜினல்' என்று ஒன்று இருக்கிறது, அதில் கிர்கே கெட்டவள், மில்லர் அதை மாற்றினார் என்பதுதான் அது. மாற்றியது சரியா தப்பா என்பதில்தான் சண்டை. மாற்றினாரா என்று யாரும் சரிபார்க்கவில்லை.

நான் சாஃப்ட்வேர்காரன். பத்து பேர் பத்து வருஷமாகக் கை வைத்த ஒரு ப்ரோக்ராமில், எந்த வரியை யார், எந்தத் தேதியில் சேர்த்தார் என்று வரிக்கு வரி காட்டும் ஒரு கமாண்ட் எங்கள் தொழிலில் உண்டு. அதற்குப் பெயரே 'பிளேம்', அதாவது பழி. பல தடவை, நேற்று வந்த பையன் கெடுத்துவிட்டான் என்று எல்லாரும் நினைக்கும் வரி, எட்டு வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கும். இந்த நாவலுக்கும் அதே சோதனையைச் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கிடைத்ததை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில், நாவல்

மில்லர் லத்தீனும் கிரேக்கமும் படித்தவர், பள்ளியில் கற்றுக்கொடுத்தவர். 2011ல் வந்த அவருடைய முதல் நாவல் அக்கிலிஸைப் பற்றியது. அதை எழுத அவருக்குப் பத்து வருஷம் ஆனது. 2012ல் அதற்கு ஆரஞ்சு பரிசு கிடைத்தது. கிர்கே அவருடைய இரண்டாவது நாவல்.

கதையைக் கிர்கேயே சொல்கிறாள். சூரியதேவன் ஹீலியோஸின் மகள். அழகு பத்தாது, குரல் கீச்சென்று இருக்கிறது என்று சொந்த வீட்டிலேயே இளப்பம். கிளௌகஸ் என்ற மீனவன் மேல் ஆசைப்பட்டு, மூலிகையால் அவனைத் தெய்வமாக்குகிறாள். அவன் ஸ்கில்லா என்ற அழகியின் பின்னால் போகிறான். பொறாமையில் கிர்கே ஸ்கில்லாவை ஆறு தலை அரக்கியாக்கிவிடுகிறாள். மந்திரவேலை தெரிந்தவள் என்று தெரிந்ததும், ஐயையா என்ற தீவுக்கு அவளை நாடு கடத்துகிறார்கள். அங்கே தனியாக இருந்து மூலிகைக் கலையைக் கற்றுக்கொள்கிறாள். மாலுமிகள் வருகிறார்கள், பன்றியாகிறார்கள். ஏறக்குறைய பாதிக் கதை தாண்டித்தான் ஒடிசியஸ் வருகிறான். அவன் போனபிறகு அவனுடைய மகன் டெலிகோனஸைப் பெற்று வளர்க்கிறாள். கடைசியில் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியும் மூத்த மகன் டெலிமாக்கஸும் இவள் தீவுக்கே வந்து சேர்கிறார்கள்.

இதில் எது பழசு, எது புதுசு?

ஹோமரில் இருப்பது என்ன?

ஒடிசி ஏறக்குறைய கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுக் காலத்துக் காவியம். அதன் பத்தாம் காண்டத்தில்தான் கிர்கே விரிவாக வருகிறாள். ஒடிசியஸின் 12 கப்பல்களில் 11 அழிந்து, மிச்சமிருக்கும் ஒரே கப்பலில் வந்து இறங்குகிறார்கள். யூரிலோக்கஸ் தலைமையில் 22 பேர் காட்டுக்குள் போகிறார்கள். ஒரு கல்வீடு. சுற்றி ஓநாயும் சிங்கமும் நாய்மாதிரி வாலாட்டுகின்றன. உள்ளே ஒரு பெண் பாடிக்கொண்டே தறியில் நெய்துகொண்டிருக்கிறாள். கூப்பிட்டு உட்காரவைத்து, பாலாடைக்கட்டி, பார்லி மாவு, தேன், திராட்சை மது கலந்து கொடுக்கிறாள். அதில் மருந்து. கோலால் ஒரு தட்டு. எல்லாரும் பன்றி. ஆனால் புத்தி மட்டும் மனிதப் புத்தியாகவே இருக்கிறது.

ஒடிசியஸ் போகும்போது வழியில் ஹெர்மெஸ் தேவன் 'மோலி' என்ற மூலிகையைக் கொடுக்கிறான். கருத்த வேர், பால் வெள்ளைப் பூ. அதனால் கிர்கேயின் மருந்து பலிக்கவில்லை. ஒடிசியஸ் வாளை உருவ, அவள் அலறி அவன் காலைப் பிடிக்கிறாள். கெடுதல் செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு படுக்கைக்குப் போகிறான்.

பொதுவாக நாம் கேள்விப்பட்ட கதை இங்கே நின்றுவிடும். ஹோமர் நிற்கவில்லை. அதற்கப்புறம் அவள் செய்வதைப் பட்டியல் போடுகிறேன்.

1. பன்றிகளைத் திரும்ப மனிதர்களாக்குகிறாள். முன்பைவிட இளமையாக, உயரமாக, அழகாக. அவர்கள் அழும்போது அவளும் இரக்கப்படுகிறாள்.

2. ஒரு வருஷம் எல்லாருக்கும் சோறு போட்டு வைத்துக்கொள்கிறாள். ஊருக்குப் போகலாம் என்று ஞாபகப்படுத்துவது ஒடிசியஸ் அல்ல, அவன் ஆட்கள். அவள் தடுக்கவே இல்லை. இஷ்டமில்லாமல் என் வீட்டில் இருக்கவேண்டாம் என்று அனுப்பிவைக்கிறாள்.

3. பாதாள உலகத்துக்கு வழி சொல்கிறாள். அங்கிருந்து திரும்பி வந்தால், பன்னிரண்டாம் காண்டத்தில் மறுபடியும் சோறு, கறி, மது. சைரன்களிடமிருந்தும் ஸ்கில்லாவிடமிருந்தும் தப்பிக்கும் வழியையும் சொல்கிறாள். அவள் சொன்னது எல்லாம் அப்படியே நடக்கிறது.

ஆக, ஒரு பகல் ஆபத்து, ஒரு வருஷம் உபசாரம். அவள் ஏன் மனிதர்களைப் பன்றியாக்கினாள்? தங்கள் நாட்டை அவர்கள் மறக்கத்தான் மருந்து என்று வருகிறதே தவிர, மறக்கவைத்து அவளுக்கு என்ன லாபம் என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்த வெற்றிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொன்று. அவளைக் குறிக்க ஹோமர் பயன்படுத்துவது தெய்வம் என்ற சொல், ஒரு இடத்தில் நிம்ஃப். தொழிலைச் சொல்லும்போது 'பாலிஃபார்மகோஸ்' என்று வருகிறது, பல மருந்து அறிந்தவள் என்று அர்த்தம். கிரேக்கத்தில் 'ஃபார்மகான்' என்றால் குணமாக்கும் மருந்தும்தான், விஷமும்தான். நமக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இல்லை. "டாக்டர் மருந்து கொடுத்தார்" என்கிறோம், "அவனுக்கு மருந்து வச்சுட்டா" என்றும் சொல்கிறோமே, அதே ரெட்டை அர்த்தம். மில்லரின் நாவலில் மந்திரம் என்பது வேர் தோண்டுவது, அரைப்பது, காய்ச்சுவது, தப்பாகிப்போனால் கொட்டிவிட்டு மறுபடி காய்ச்சுவது. ஃபேன்டஸி ரசிகர்கள் இதை நாவலாசிரியரின் நல்ல கற்பனை என்கிறார்கள். விதை ஹோமரின் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

மருந்து என்று சொன்னதால் ஒரு கிளைச் செய்தி. 1983ல் இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிர்கே கொடுத்தது ஊமத்தை மாதிரிச் செடிகளின் விஷமாக இருக்கலாம், அது ஞாபகத்தை அழித்து இல்லாததைத் தோன்றவைக்கும். மோலி என்பது ஸ்னோடிராப் பூச்செடியாக இருக்கலாம், அதிலிருக்கும் கேலன்டமைன் அந்த விஷத்துக்கு மாற்று. கேலன்டமைன் இன்றைக்கு அல்ஸைமர் நோய்க்குக் கொடுக்கப்படுகிற மருந்து. இது நிரூபணம் ஆகாது, ஊகம்தான். ஆனால் சுவாரசியமான ஊகம்.

இந்தக் கதையை யார் சொல்கிறார்கள்?

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஹோமர் சொன்னார் என்று எழுதினேன். கறாராகப் பார்த்தால், சொல்வது ஹோமர் இல்லை. ஒடிசியின் 9லிருந்து 12 வரை நான்கு காண்டங்களும், ஃபயேக்கியர்களின் அரண்மனையில் விருந்துக்கு அப்புறம் ஒடிசியஸ் தன் வாயால் சொல்லும் கதை. கேட்பவர்கள் இவனுக்குக் கப்பல் கொடுத்து ஊருக்கு அனுப்பவேண்டியவர்கள். இவனுக்கோ அவர்களை அசத்தவேண்டிய தேவை. பொய் சொல்வதில் கெட்டிக்காரன் என்று அதே காவியம் திரும்பத் திரும்பக் காட்டும் ஆள் இவன். ஊர் போய்ச் சேர்ந்ததும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஆளுக்கொரு பொய்க்கதை சொல்வான். தன்னைப் பெற்ற கிழவனிடம்கூடச் சொல்வான்.

வாளைப் பார்த்து அந்த தெய்வம் அலறிக் காலில் விழுந்ததற்கு ஒரே சாட்சி, வாளைப் பிடித்திருந்தவன்.

சரி, ஹோமர் தன் சொந்தக் குரலில் கிர்கேயைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையா? சொல்கிறார். எட்டாம் காண்டத்தில், கதை சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னாடி. பரிசுப்பொருள்கள் வைத்த பெட்டியை ஒடிசியஸ் ஒரு சிக்கலான முடிச்சுப் போட்டுக் கட்டுகிறான். அந்த முடிச்சு முன்பு கிர்கே அவனுக்குக் கற்றுக்கொடுத்தது என்கிறார் ஹோமர். அவளுக்கு அங்கே போடும் அடைமொழி 'போட்னியா', பெருமாட்டி என்று சொல்லலாம். காவியத்தில் கிர்கேயின் பெயர் முதல் தடவை வரும் இடம் இதுதான். பன்றி இல்லை, கோல் இல்லை. ஒருத்திக்குக் கைவேலை தெரியும், அதை ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள், அவ்வளவுதான்.

மில்லர் கதையைக் கிர்கேயின் வாயில் கொடுத்தபோது ஹோமரின் வார்த்தைக்கு எதிராகப் போகவில்லை, ஒடிசியஸின் வாக்குமூலத்துக்கு எதிராக இன்னொரு வாக்குமூலம் எடுத்தார். நாவலில் அவள் பின்னொரு நாள் தன்னைப் பற்றிப் பாடகர்கள் கட்டிய பாட்டைக் கேட்டு அலுத்துக்கொள்கிறாள். வாள், காலில் விழுவது எல்லாம் அந்தப் பாட்டில் இருக்கிறது.

ஒரு அடைமொழி

நாவலின் அஸ்திவாரம் எது என்று கேட்டால் ஒரே ஒரு சொல்லைக் காட்டுவேன். ஹோமர் கிர்கேக்கு மூன்று இடங்களில் கொடுக்கும் அடைமொழி 'அவுதேயெஸ்ஸா'. 'அவுதே' என்றால் மனிதரின் பேச்சுக்குரல். ஆக, மனிதக் குரலில் பேசும் தெய்வம். தெய்வம் மனிதக் குரலில் பேசுவதை ஏன் தனியாகச் சொல்லவேண்டும் என்று பழங்கால உரைகாரர்களிலிருந்து இன்றைய பேராசிரியர்கள் வரை மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலிப்ஸோவுக்கும் ஒருமுறை இதே அடைமொழி வருகிறது.

மில்லர் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். தெய்வங்களுக்கு நடுவில் மனிதக் குரலோடு பிறந்த பெண்ணுக்கு என்ன ஆகும்? வீட்டில் கேலி செய்வார்கள். மனிதர்கள் பயப்படாமல் பக்கத்தில் வருவார்கள். பக்கத்தில் வருவதால் ஆசையும் வரும், ஆபத்தும் வரும். நாவலின் முதல் பகுதி முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில்தான். 'கிர்கோஸ்' என்றால் கிரேக்கத்தில் ஒருவகைப் பருந்து. மஞ்சள் கண்ணும் மெல்லிய கீச்சுக்குரலும் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று நாவலில் வருகிறது. பெயரும் அடைமொழியும் குரலில் வந்து சேர்கின்றன.

'சீரியல் மாதிரி' முடிவு

நாவலைப் பிடிக்காதவர்கள் அதிகம் கிண்டல் செய்வது கடைசிப் பகுதியை. மகன் தெரியாமல் அப்பனைக் கொல்கிறான். செத்தவனின் மனைவியும் மூத்த மகனும் இவள் வீட்டுக்கு வந்து தங்குகிறார்கள். போதாதென்று, அந்த மூத்த மகனோடு இவளுக்குக் காதல். "டிவி சீரியல் தோத்துடும்" என்பார்கள்.

பிளேம் போட்டுப் பார்த்தால் தேதி கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று வருகிறது!

ட்ராய் போர்க் கதைச் சுற்றின் கடைசிக் காவியம் 'டெலிகோனி'. சைரீன் ஊரைச் சேர்ந்த யூகம்மோன் இயற்றியதாகச் சொல்வார்கள். மூலம் தொலைந்துவிட்டது, பிற்காலத்தில் ப்ரோக்ளஸ் எழுதிய சுருக்கம் மட்டும் கிடைத்திருக்கிறது. அதில் டெலிகோனஸ் அப்பாவைத் தேடி இதாக்கா தீவுக்கு வருகிறான், யாரென்று தெரியாமலே அப்பாவைக் கொல்கிறான். விஷயம் தெரிந்ததும் அப்பாவின் உடலையும் பெனலோப்பியையும் டெலிமாக்கஸையும் அம்மாவின் தீவுக்கே கொண்டுவருகிறான். கிர்கே அவர்களைச் சாகாவரம் பெற்றவர்களாக்குகிறாள். டெலிகோனஸ் பெனலோப்பியைக் கட்டிக்கொள்கிறான், டெலிமாக்கஸ் கிர்கேயைக் கட்டிக்கொள்கிறான். ஒடிசியஸைக் கொன்ற ஈட்டியின் முனை திருக்கை மீனின் முள் என்பதும் பழைய மரபில் இருக்கிறது. நாவலிலும் அந்த விஷவால் வருகிறது.

ஆக, மில்லர் சீரியலாக்கவில்லை. ரெண்டு கல்யாணத்தில் ஒன்றைக் குறைத்திருக்கிறார்.

ஆனால் ஒரு இடத்தில் கை வைத்தார். பழைய முடிவில் மனிதர்கள் சாகாதவர்கள் ஆகிறார்கள். மில்லரின் முடிவில் சாகாதவள் மனுஷியாகப்போகிறாள். தன் தெய்வத்தன்மையைக் கழற்றிப்போட, தானே காய்ச்சிய மருந்தைக் குடிக்கிறாள். அதே மருந்து, அதே கிர்கே, திசைமட்டும் தலைகீழ். மனிதக் குரலோடு பிறந்தவளுக்கு மனித ஆயுள். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். ஹோமரின் ஒரு அடைமொழியை எடுத்து, தொலைந்துபோன டெலிகோனியின் முடிவைத் திருப்பிப்போட அதைப் பயன்படுத்தியிருக்கிறார்.

ஸ்கில்லா: பழியைத் துடைக்கவில்லை

மில்லர் கிர்கேயை வெள்ளையடித்துவிட்டார் என்கிறவர்கள் ஸ்கில்லா விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஹோமரில் ஸ்கில்லா அரக்கியாகவே இருக்கிறாள். அவளுக்கு ஒரு தாய் உண்டு, பெயர் க்ரட்டாயிஸ். கிர்கேக்கும் அவளுக்கும் சம்பந்தம் எதுவும் சொல்லப்படவில்லை. கிர்கேதான் பொறாமையில் தண்ணீரில் விஷம் கலந்து ஸ்கில்லாவை அரக்கியாக்கினாள் என்ற கதையை நாம் விரிவாகப் படிப்பது ஓவிடின் 'மெட்டமார்ஃபஸிஸ்' 14ஆம் காண்டத்தில். அது கி.பி. 8ஆம் வருஷ வாக்கில் முடிந்த லத்தீன் நூல். ஹோமருக்கு ஏழு நூற்றாண்டு தள்ளி.

வெள்ளையடிப்பதுதான் நோக்கம் என்றால் மில்லருக்கு வேலை ரொம்ப சுலபம். ஓவிடை விட்டுவிட்டு ஹோமரோடு நின்றிருக்கலாம். அவர் ஓவிடின் குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்டு, அதையே கிர்கே வாழ்நாள் முழுக்கச் சுமக்கும் பாவமாக வைத்தார். ஒவ்வொரு கப்பலிலிருந்தும் ஸ்கில்லா ஆறு பேரைத் தூக்கும்போது அந்தக் கணக்கு இவள் தலையில் ஏறுகிறது. ஹோமரில் ஸ்கில்லாவைப் பற்றி எச்சரிப்பவளும், ஓவிடில் ஸ்கில்லாவை உண்டாக்கியவளும் ஒரே ஆள் என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால், எச்சரிப்பவளுக்கு அத்தனை விவரம் எப்படித் தெரிந்தது என்பதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

கெட்ட பேர் எப்போது வந்தது?

'ஒரிஜினலில் கெட்டவள்' என்பது எங்கிருந்து வந்தது என்று தேடினால் நிறைய கைகள் தெரிகின்றன.

கி.மு. 550 வாக்கில் செய்த ஒரு மதுக்கிண்ணம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கிர்கே கிண்ணத்தில் மருந்து கலக்குகிறாள், சுற்றி நிற்பவர்களுக்குப் பன்றித்தலை மட்டும் அல்ல, வேறு வேறு மிருகத்தலைகள். அந்தக் காலத்திலேயே கதை ஒரே மாதிரி இல்லை. தீப்ஸ் நகரப் பக்கத்துக் கோயில் ஒன்றில் கிடைத்த வகைக் கிண்ணம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் கிர்கேயும் தொப்பை ஒடிசியஸும் கேலிச்சித்திரம். பக்கத்தில் அவள் தறியும் இருக்கிறது. எஸ்கிலஸ் கிர்கேயை வைத்து ஒரு சிரிப்பு நாடகமே எழுதியிருக்கிறார், அது தொலைந்துவிட்டது.

செனஃபோன் எழுதிய நினைவுகளில் சாக்ரடீஸ் ஒரு ஜோக் அடிக்கிறார். கிர்கே மந்திரம் ஒன்றும் போடவில்லை, அளவுக்கு மீறித் தின்னவைத்தாள், பன்றி ஆகிவிட்டார்கள் என்று. ஜோக்தான், ஆனால் இங்கிருந்துதான் அவள் ஒரு ஆள் என்பதிலிருந்து 'ஆசை' என்பதன் சின்னமாக மாற ஆரம்பிக்கிறாள். கி.மு. முதல் நூற்றாண்டில் டியோடரஸ், அவள் கட்டிய புருஷனான ராஜாவுக்கே விஷம் வைத்து, குடிமக்களைக் கொடுமை செய்து, நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டாள் என்று எழுதினார். (நாடு கடத்தல் கதைக்கும் பழைய வேர் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.) அதே நூற்றாண்டில் ஹோரஸ் ஒரு கவிதைக் கடிதத்தில் அவளை வேசி என்றே சொல்லிவிட்டார். 1922ல் ஜேம்ஸ் ஜாய்ஸ் 'யுலிசிஸ்' நாவலில் கிர்கே அத்தியாயத்தை விபசார விடுதியில் வைத்தபோது, அவருக்குப் பின்னால் ஹோரஸிலிருந்து தொடங்கி ஒரு நீண்ட வரிசை இருந்தது. நம்மில் பலரும் புத்தக அட்டைகளில் பார்த்திருக்கும், கிண்ணத்தை நீட்டும் மயக்குமோகினிப் படம் வாட்டர்ஹவுஸ் 1891ல் வரைந்தது.

இதே காலங்களில் எதிர்த்திசையிலும் ஆட்கள் இருந்தார்கள். ப்ளூடார்க் எழுதிய ஒரு உரையாடலில், பன்றிகளை மனிதராக்கு என்று ஒடிசியஸ் கேட்க, அவர்களையே கேட்டுப்பார் என்கிறாள் கிர்கே. க்ரில்லஸ் என்ற பன்றி, மனித வாழ்க்கை வேண்டவே வேண்டாம், மிருகங்களே ஒழுக்கமானவை என்று வாதாடுகிறது. இத்தாலியில் ரோமுக்குத் தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்தில் மோன்டே சிர்செயோ என்ற மலை இருக்கிறது, அவள் பெயர்தான். அந்த ஊர்க் குடியேறிகள் கிர்கேயைப் பக்தியோடு கும்பிட்டார்கள் என்று சிசெரோ எழுதியிருக்கிறார். ரோமில் மமிலியா என்ற பெரிய குடும்பம், நாங்கள் ஒடிசியஸுக்கும் கிர்கேக்கும் பிறந்த வம்சம் என்று பெருமை பேசியது. கி.மு. 82ல் அந்தக் குடும்பத்து அதிகாரி வெளியிட்ட வெள்ளிக்காசில் ஒடிசியஸும் அவன் நாய் ஆர்கோஸும் இருக்கிறார்கள். வேசி என்றும் அரக்கி என்றும் எல்லாரும் ஒரே குரலில் நினைத்திருந்தால், ஒரு பெரிய வீட்டார் அவளைக் கொள்ளுப்பாட்டி என்று சொல்லிக்கொள்வார்களா?

மில்லர் நிஜமாகவே புதிதாகச் சேர்த்தவை

பிளேம் போட்டால் மில்லர் பெயரிலேயே வரும் வரிகளும் இருக்கின்றன. ப்ரொமீதியஸுக்கு அவள் அமுதம் கொடுப்பது. மினோட்டார் பிறக்கும்போது க்ரீட் தீவுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பது. மினோட்டாரின் தாய் பாசிஃபே கிர்கேயின் சகோதரி என்ற உறவு பழசு, பிரசவம் பார்த்தது புதுசு. ஹோமரில் இருக்கும் தறியை, டேடலஸ் செய்துகொடுத்த தறியாக்கியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேர்க்கை, ஹோமர் விட்டுவைத்த வெற்றிடத்தில் வைத்தது. ஏன் பன்றியாக்கினாள்? நாவலில், பசியோடு வந்த மாலுமிகளுக்கு நல்ல மனசோடு சோறு போடுகிறாள். வீட்டில் ஆண்துணை இல்லை என்று தெரிந்ததும் கப்பல் தலைவன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். அதற்கப்புறம்தான் வருகிற கப்பலை எல்லாம் பன்றித்தொழுவத்துக்கு அனுப்புகிறாள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தக் காட்சி வலுவானது, வாசிக்கையில் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் ஹோமரின் கிர்கே பயமுறுத்துவதற்குக் காரணமே, காரணம் இல்லாததுதான். காலையில் பன்றியாக்குகிறாள், மாலையில் குளிப்பாட்டி விருந்து வைக்கிறாள், இரண்டுக்கும் விளக்கம் கிடையாது. தெய்வம் என்றால் கிரேக்கர்களுக்கு அதுதான், கேள்வி கேட்க முடியாத சக்தி. மில்லரின் கிர்கே செய்யும் ஒவ்வொன்றுக்கும் கோர்ட்டில் சொல்லக்கூடிய காரணம் இருக்கிறது. நமக்கு அவள் நெருக்கமாகிறாள், அதற்கு விலையாகத் தெய்வத்தின் அச்சம் முதல் பக்கங்களிலேயே பாதி போய்விடுகிறது.

இன்னொரு குறை. ஹோமரில் அவள் வீட்டில் நான்கு பணிப்பெண்கள், ஊற்றுகளுக்கும் சோலைகளுக்கும் பிறந்தவர்கள். நாவலில் அவர்களுக்குப் பதிலாக, அப்பன்மார் தண்டனையாக அனுப்பிவைத்த நிம்ஃப் பெண்கள் வருகிறார்கள். அதாவது கிர்கேயைப் போலவே நாடு கடத்தப்பட்டவர்கள். அவர்களுக்கும் ஒரு கதை இருக்குமே! கிர்கேக்கு அவர்கள் தொந்தரவு, நாவலும் அவர்களுக்குப் பெரிதாக வாய் கொடுக்கவில்லை. குரல் இல்லாதவர்களுக்குக் குரல் கொடுத்த நாவல் என்று கொண்டாடும் கட்சி இதை யோசிக்கவேண்டும்.

ஆக

திரித்தது யார் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை இது. முதல் சாட்சி ஒடிசியஸ், தன் பக்கத்துக்குச் சாதகமாகச் சொன்னான். டெலிகோனிப் புலவன் கல்யாணம் செய்துவைத்தான். டியோடரஸ் கொலைகாரியாக்கினார், ஹோரஸ் வேசியாக்கினார், ஓவிட் ஸ்கில்லாவின் பாவத்தைச் சேர்த்தார், ப்ளூடார்க் பன்றியைப் பேசவைத்தார், மமிலியாக்கள் பாட்டியாக்கினார்கள். இந்த வரிசையில் 2018ல் வந்து சேர்ந்தவர் மில்லர். முன்னோரில் பலரைவிட அதிகமாகப் பழைய நூல்களைப் படித்துவிட்டு, எங்கே இடைவெளி இருந்ததோ பெரும்பாலும் அங்கேயே கை வைத்திருக்கிறார்.

பழைய கதையை யாராவது மாற்றி எழுதும்போது கோபப்படுவதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு. கோபப்படுவதற்கு முன்னால், நாம் காப்பாற்ற நினைக்கும் 'ஒரிஜினல்' எந்த வருஷத்தது, யார் வாயிலிருந்து வந்தது என்று பார்த்துவிடுவது நல்லது. நாம் ஹோமர் என்று நினைத்துக் காப்பாற்றுவது பாதி ஹோரஸாகவும், மீதி வாட்டர்ஹவுஸாகவும் இருக்கலாம்.

நாவலைப் படிக்கப்போகிறவர்களுக்கு என் சிபாரிசு: முதலில் ஒடிசியின் 8, 10, 12ஆம் காண்டங்களை மட்டும் படியுங்கள், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். எட்டாம் காண்டத்தில் அந்த முடிச்சு வரும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். அப்புறம் நாவலை எடுங்கள். மில்லர் எங்கே ஹோமரைப் பின்பற்றுகிறார், எங்கே விலகுகிறார் என்பது உங்களுக்கே தெரியும். விலகிய இடம் பிடித்ததா பிடிக்கவில்லையா என்ற சண்டையை அதற்கப்புறம் தாராளமாகப் போடலாம்.